அலசிய கிம்ச்சி

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குழாயையே பிடுங்கி எறிந்திருப்பேன். மாமியார் வீட்டு முற்றத்தில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி, அதாவது கோஸ் ஊறுகாய், போடும் நாள். ராத்திரி முழுக்க உப்பில் ஊறிய கோஸ் குவிந்து கிடந்தது. மசாலா அடைக்கக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தால், குழாயடியில் என் அம்மாவின் கிம்ச்சி டப்பா.

அம்மா மார்ச் மாதம் போய்விட்டாள். அதற்கு முன் அவள் தன் கையால் போட்டுக் கொடுத்த கடைசி டப்பா அது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். மனசு தாங்காத நாளில் மட்டும் ஓர் இலை கிள்ளிச் சாப்பிடுவேன்.

அதைத்தான் மாமியார் இலை இலையாக அலசிக்கொண்டிருந்தார். அம்மா அரைத்த மிளகாயும் நெத்திலிச் சாறும் சிவப்பாகச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தன. பன்றிக்கறி வேகிறதாம், சுற்றிச் சாப்பிடக் காரம் போக அலசிய பழைய கிம்ச்சி வேண்டுமாம், டேகுன்தான் கொண்டுவந்து கொடுத்தானாம். டேகுன் என் புருஷன். உள்ளே டிவி முன்னால் காலை நீட்டிக் கிடந்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"புதுசு வைக்க இடம் வேணும்ல? அது ரொம்பப் புளிச்சிருந்துச்சு."

"அது எங்கம்மா போட்டது."

"அதான் இன்னைக்கு இவ்வளவு போடுறோமே."

போடுகிறோமாம். இந்த மனுஷன் ஒரு பல் பூண்டு உரித்திருப்பானா?

மாமியாரின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. பாவம், அவருக்குத் தெரியாது. தன் அம்மாவின் கிம்ச்சி தீர்ந்த நாளை அவரும் பார்த்தவர்தானே. குழாயை மூடிவிட்டு எழுந்து வந்து, என் கையுறையைக் கழற்றி மகன் மேல் வீசினார்.

"நீ போடுடா. கடைசி கோஸ் வரைக்கும் நீதான்."

நான் அலசிய இலை ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். வெறும் புளிப்பு. அம்மாவின் கைமணம் துளிகூட இல்லை.

இரண்டு கோஸ் முடிப்பதற்குள் டேகுன் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு, கிம்ச்சி போடும் நாளில் எல்லார் வீட்டிலும் செய்வதுபோல, மசாலா தடவிய இலையைச் சுருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினான்.

"உப்பு சரியா இருக்கா, பாரேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. கை வலிக்கட்டும். நீட்டிக்கொண்டே நிற்கட்டும்.