டோக்கன் வாங்காத மேஸ்திரி

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் கவுத்து வையுங்க. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் லைன் வீடு ஒன்றில், கண்ணுக்கே தெரியாமல் நடந்த சண்டையைச் சொல்கிறேன்.

அந்த வீட்டு மருமகள் பவ்யாவுக்கு ஐந்தாம் மாசம். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லாவிட்டால் விடியாத வேளையில் ரயிலேறி, நிற்க இடமில்லாத பெட்டியில் வயிற்றைக் கையால் காபந்து பண்ணிக்கொண்டு போகவேண்டும். ஆனால் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் பேச்சு பாதியில் அறுந்தது. திரையில் அவள் முகம் கொட்டாவி விட்ட மாதிரி உறைந்து நின்றது. மேலதிகாரி மமதா தன்மையாகத்தான் சொன்னாள்: திங்கட்கிழமையும் இப்படி ஆனால் ஆபீசுக்கே வந்துவிடம்மா.

வைஃபை பெட்டியை மாற்றியாயிற்று. புதுசுக்கு மஞ்சள் குங்குமமும் வைத்தாயிற்று. மசியவில்லை.

மாமனார் பெருமாள் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். ஊறுகாய் ஜாடி மூடி இறுகிப்போனால்கூட பூமிக்கடியில்தான் காரணம் தேடுவார். அடியில் பாறை நகருது என்றார் முதலில். யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு, வயரில்லாத சாமான் வீட்டில் அதிகமாகிவிட்டது என்றார். காலிங்பெல், ஸ்பீக்கர், மகன் மனோகர் காதில் சொருகிக்கொள்வது, எல்லாம் ஒன்றாகக் கத்தினால் எந்தப் பேச்சு எங்கே போய்ச் சேரும்? டோக்கன் வில்லை கையில் இல்லாமல் சுரங்க ஷாஃப்டில் எவனாவது இறங்குவானா?

டின் மூடிகளை டோக்கனாக வெட்டி ஆணியில் மாட்டினார். எதைப் போட்டாலும் அவரிடம் டோக்கன் வாங்கித்தான் போடவேண்டும். மனோகர் பாட்டுக் கேட்க டோக்கன் கேட்டு நின்றான். காலிங்பெல்லுக்கு டோக்கன் மறுக்கப்பட்டது. கதவைத் தட்டி உள்ளே வந்த எதிர்வீட்டு டென்சிலை, ஷிப்ட் முடிந்து வருகிறவனிடம் தங்கம் தேடுவதுபோல, பை பையாகத் தடவிப் பார்த்துத்தான் உட்காரவைத்தார்.

திங்கட்கிழமை வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பெருமாளே சமையலறை வாசலில் காவல் நின்றார். பவ்யா பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் போனது. சட்டென்று அறுந்தது. வந்தது, மறுபடி அறுந்தது. திரையில் மமதாவின் புருவம் மேலே போனது. பவ்யாவுக்கு ரயில் சத்தமே காதில் கேட்டது.

பேச்சு அறுந்தபோதெல்லாம் பெருமாள் வீடு முழுக்கச் சோதனை போட்டார். அதற்குள் அவர் டீ ஆறிப்போகும். மைக்ரோவேவ் ஓவனில் வைத்துச் சூடு பண்ணுவார். சூடாகிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துவிடும். கண்ணாடி டம்ளரை உள்ளேயே விட்டுவிட்டு ஓடுவார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் சம்சாரம் தங்கம்மா இதைப் பார்த்தாள். ஓவன் உறுமினால் மருமகள் ஊமை. ஓவன் நின்றால் மருமகளுக்கு வாய் வருகிறது. அடுத்த உறுமலில் எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள். பவ்யாவின் பேச்சு குழாய்த் தண்ணீர்போலக் கொட்டியது.

"இன்னாங்க, இதுக்கு டோக்கன் யாரு குடுத்தது?"

"அது அடுப்புடி. அடுப்பு இன்னா பேசப்போகுது?"

"ஊரையே தடவிப் பார்த்தீங்களே. உங்க டீயைத் தடவினீங்களா?"

பெருமாள் ஆணியில் தொங்கிய டோக்கன்களைப் பார்த்தார். மேஸ்திரி எந்தக் காலத்தில் டோக்கன் வாங்கினார்?

சாயந்திரம் மனோகர் விளக்கினான். ஓவனும் வைஃபையும் ஒரே அலையிலதான் ஓடுதாம். நம்ம ஓவன் கதவு லொடலொடத்துப்போய் அலை ஒழுகுது, நைனா. அவன் வைஃபையை வேறு அலைக்கு மாற்றிவைத்தான். பவ்யாவைப் பிரசவம்வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச்சொல்லி மமதாவும் எழுதிவிட்டாள்.

மறுநாள் ராபர்ட்சன்பேட்டை டீக்கடையில் பெருமாள் தன் ஏற்பாட்டால் மருமகள் வேலை தப்பிப் பிழைத்ததை விஸ்தாரமாகச் சொன்னார். கேட்ட நாலு பேர் தங்கள் வீட்டுக்கும் வந்து பார்க்கச்சொன்னார்கள். விஷயம் பவ்யா காதுக்கு வந்தது. "போகட்டும் அத்தை, மாமா சந்தோஷமா இருக்கட்டும்" என்றவள், காலை நீட்டிக்கொண்டு அடுத்த மீட்டிங்கைத் திறந்தாள்.

உங்க வீட்டிலும், கண்ணுங்களா, ஒருத்தர் பேச்சை ஒருத்தர் விழுங்காமல், பிள்ளை குட்டியோடு, சோறும் சொல்லும் சூடு ஆறாமல் நிறைஞ்சு இருங்க.