மூன்று வேலை நாட்கள்

அடகுக்கடைச் சுவரில் வரிசையாக நின்ற பழைய துப்பாக்கிகளில் ஒன்றைப் பார்த்ததும் டெல்மர் கிப்சனுக்கு அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அதன் மரக்கட்டையில், வலது பக்கம், பிறை மாதிரி ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. ஒன்பது வயதில் தம்பி வெஸ்லி பாறைமேல் போட்டு உண்டாக்கிய சில்லு. அன்றைக்கு அப்பா அவனை அடிக்கவில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அதற்கு நாலு அடி தேவலை என்று வெஸ்லி இன்றைக்கும் சொல்வான்.

அப்பா போன பிறகு, அதே வெஸ்லிதான் அந்தத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் மாத்திரைக்காக விற்றான். இடுப்பு வலிக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, போதையாக ஒட்டிக்கொண்ட மாத்திரை. மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத்து மலைகளில் அந்த வருஷங்களில் அது எத்தனை குடும்பத்தைக் குட்டிச்சுவராக்கியது என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. வெஸ்லி எப்படியோ மீண்டான். பதினோரு வருஷமாக மாத்திரையைத் தொடவில்லை. ஆனால் துப்பாக்கி போனது போனதுதான். பத்தொன்பது வருஷம் கழித்து, வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பழைய ஜெனரேட்டர் ஒன்று கிடைக்குமா என்று பார்க்கப் போன இடத்தில், அது சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

வெஸ்லி இப்போது டெல்மர் வீட்டு முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். நுரையீரலில் புற்று. இனி வாரக் கணக்கில்லை, நாள் கணக்குதான் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவன் ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்துக்கொண்டே, "மான் வேட்டை சீசன் திறக்கிறதுக்குள்ள போயிடக் கூடாதுண்ணே. அப்பா துப்பாக்கி ஒரு தடவை வெடிக்கிறதைக் கேட்டுட்டா, அப்புறம் எந்த வண்டி வந்தாலும் ஏறிக்குவேன்" என்றான். விற்றவனே கேட்கிறான். கிடைக்காது என்று தெரிந்ததால்தான் அவ்வளவு தைரியமாகக் கேட்டான்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வீட்டுத் துப்பாக்கிக்கும் ஒரு குரல் உண்டு. அம்மா சமையலறையில் நின்றபடியே, இது பக்கத்து வீட்டுக்காரன், இது பாதிரியார், அவருக்கு இந்த வருஷமும் மான் இல்லை என்று சொல்லிவிடுவாள். அப்பாவுடையது கனத்த குரல். கடைசியில் செருமுகிற மாதிரி ஓர் இழுப்பு இருக்கும். ஒரே தடவைதான் வெடிக்கும். உடனே அம்மா சோளரொட்டியை அடுப்பில் வைப்பாள். அந்தச் சத்தத்துக்கு ஒரு நாளும் ரொட்டி வீணாய்ப் போனதில்லை.

துப்பாக்கி வாங்குகிறவர்மேல் பழைய வழக்கு உண்டா என்று அரசாங்கம் சரிபார்க்கும் படிவத்தை டெல்மர் அங்கேயே நிரப்பினான். கல்லாவில் இருந்த ஷெல்பி என்ற பெண் அதைக் கணினியில் ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"மூணு பதில்தான் சார் வரும். கொடு, கொடுக்காதே, பொறு. உங்களுக்குப் பொறுன்னு வந்திருக்கு."

"எனக்கு எப்பவும் அதுதான்மா வரும். எத்தனை நாள்?"

"மூணு வேலை நாள். இன்னைக்கு வியாழன். வெள்ளி ஒண்ணு. சனி, ஞாயிறு கணக்குல வராது. திங்கள், செவ்வாய். அதுவரைக்கும் பதில் வரலைன்னா புதன்கிழமை நாங்களே கொடுக்கலாம்."

"எனக்குத் திங்கக்கிழமை காலையில வேணும், அன்னைக்குத்தான் சீசன் திறக்குது. புதன்கிழமை என் தம்பி இருப்பானான்னு தெரியலம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். டெல்மர் விஷயத்தைச் சொன்னான். துப்பாக்கியை என் கையில் தர வேண்டாம், உங்கள் ஆள் யாராவது வந்து ஒரே ஒரு வெடி வெடித்துவிட்டுத் திரும்ப எடுத்துப் போகட்டும், பெட்ரோல் செலவு என்னுடையது என்றுகூடக் கேட்டுப் பார்த்தான்.

"கடைச் சாமான் வாசலைத் தாண்டினா எங்க முதலாளியோட லைசன்சும் கூடவே தாண்டிடும் சார். என்னைத் திட்டாதீங்க, ப்ளீஸ்."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? டெல்மர் அவளைத் திட்டவில்லை. எய்தவன் யார் என்று அவனுக்குத் தெரியும்.

மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் இல்லை என்பார்கள். டெல்மரின் மடியில் ஒரு கூழாங்கல்கூடக் கிடையாது. முப்பத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் வேலை, ஞாயிறு தவறாமல் சர்ச். ஆனாலும் துப்பாக்கி வாங்கப் போகிற ஒவ்வொரு தடவையும் வழியில் நிறுத்திவிடுவார்கள். முதல் தடவை நிறுத்தியபோது காரணம் கேட்டு எழுதிப் போட்டான். பதில் வந்தது. பக்கத்து மாநிலம் ஓஹையோவில் ஒரு மதுக்கடைச் சண்டையில் டெல்மர் கிப்சன் கைது. வழக்கு என்ன ஆனது என்ற குறிப்பு இல்லை. அந்தத் தேதியில் டெல்மர் பூமிக்கு அடியில் இரவு ஷிப்டில் இருந்தான். ஓஹையோவில் இருந்தது வெஸ்லி. போலீஸ் பேர் கேட்டதும் அண்ணன் பேரையும் பிறந்த தேதியையும் ஒப்பித்திருக்கிறான்.

கைரேகை கொடுத்து, அது நானில்லை என்று எழுதிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அப்போது வெஸ்லி வேறொரு வழக்கில் நன்னடத்தைக் காலத்தில் இருந்தான்; இன்னொரு தப்பு என்றால் நேரே சிறைதான். நீ இல்லையென்றால் யார் என்று கேட்டால்? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று டெல்மர் கடிதத்தைச் சமையலறை இழுப்பறைக்குள் போட்டான். தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவான், அழுதால் மறுபடி மாத்திரைக்குப் போவான் என்று பயம். பிறகு, பிறகு என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. நல்லவர்கள் செய்கிற சோம்பேறித்தனத்துக்குப் பொறுமை என்று பேர் வைத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வாயை அடக்க முடியவில்லை.

"டேய் வெஸ்லி, கிடைச்சிடுச்சுடா. அப்பாவோடது. நீ உடைச்ச சில்லு அப்படியே இருக்கு."

வெஸ்லியின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். அதோடேயே சிரித்தான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க காட்டு."

"கடையில இருக்கு. திங்கக்கிழமை விடியறதுக்குள்ள கைக்கு வந்துடும். கொஞ்சம் பேப்பர் வேலை பாக்கி."

"என்ன பேப்பர் வேலை?"

"சீசன் கூட்டம்டா. ஊரே வரிசையில நிக்குது."

வெஸ்லி அதற்குமேல் கேட்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

சமையலறையில் டெல்மரின் மனைவி வாண்டா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு நான் போய் என் பேர்ல வாங்கிட்டு வரேன். எனக்கு உடனே குடுத்துடுவான்."

"நீ உனக்காகத்தான் வாங்குறியான்னு ஃபாரத்துல கேப்பான். என்னன்னு எழுதுவே?"

"ஆமான்னு எழுதுவேன்."

"இந்தக் குடும்பத்துல ஒரு பொய் சொன்னதுக்கே இந்தப் பாடு. வேண்டாம் வாண்டா."

"உன் நேர்மையைக் கொண்டு போய் உப்புல போடு" என்றாள் அவள். கோபத்தில் சொன்னதுதான், அழுதுகொண்டேதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி மணி அடிக்கவில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அரசாங்கம் தூங்கியது. புற்றுநோய்க்கு வார விடுமுறை கிடையாது. ஞாயிறு சாயங்காலம் வெஸ்லியால் தண்ணீர் விழுங்க முடியவில்லை. நாக்கில் ஈரப்பஞ்சை ஒற்றிக்கொண்டே வாண்டா கணவனைப் பார்த்தாள். டெல்மர் அலமாரியிலிருந்து தன்னுடைய துப்பாக்கியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். சன்னக் குரலுள்ள துப்பாக்கி. சாகிறவனின் காதுக்கு வித்தியாசம் தெரியாது என்று தனக்குத் தானே நாலு தடவை சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை விடிந்தது. பள்ளத்தாக்கின் நாலு பக்கமும் வெடிச்சத்தம் தொடங்கியது. டெல்மர் வீட்டின் பின்குன்றில், அப்பா உட்காரும் ஓக் மரத்தடியில் நின்றான். நல்ல ஆண்மான் ஒன்று நாற்பது அடியில் வந்து அவனை ஏறிட்டுப் பார்த்தது. அதை விட்டுவிட்டான். அது போன பிறகு, எதிர்ச்சரிவின் மண்ணில் ஒரே ஒரு தடவை சுட்டான். தன் வாழ்நாளில் இவ்வளவு கேவலமாக ஒரு வெடி வெடித்ததில்லை என்று தோன்றியது.

இறங்கி வந்தபோது முன்னறையில் ஜன்னல் திறந்திருந்தது. வெஸ்லி கண்ணை மூடியிருந்தான். உதடு மட்டும் அசைந்தது.

"அப்பாவேதான்ணே. கடைசியில செருமுறாரு பாரு... எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"ஆமாண்டா."

"அண்ணி, ரொட்டியை வை."

துப்பாக்கியைக் காட்டு என்று கேட்டால் சொல்வதற்காக, எண்ணெய் போட்டுக் கொட்டகையில் மாட்டியிருக்கிறேன் என்று டெல்மர் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். வெஸ்லி கேட்கவே இல்லை. டெல்மருக்கு நிம்மதியாக இருந்தது. வாண்டா சோளரொட்டி சுட்டாள். வெஸ்லியால் சாப்பிட முடியாவிட்டாலும் வாசனை கட்டில்வரை வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், அண்ணன் கையைப் பிடித்தபடியே அவன் போனான்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஷெல்பி கூப்பிட்டாள். "மிஸ்டர் கிப்சன், பதில் வந்துடுச்சு. கொடுன்னு. வந்து எடுத்துக்கலாம்... உங்க தம்பி?"

டெல்மர் நன்றி சொல்லிவிட்டு வைத்தான். "ஏமாத்தி அனுப்பிட்டேன் வாண்டா. கடைசியா கேட்ட ஒண்ணுலயும் அவனை ஏமாத்தி அனுப்பிட்டேன்."

வாண்டா தட்டுகளைக் கழுவுவதை நிறுத்தினாள். "யாரு யாரை ஏமாத்தினது? நீ மேலே சுட்டதும் அவன் சிரிச்சான். 'இது அண்ணனோட பொட்டைத் துப்பாக்கி அண்ணி, அப்பாவோடது இல்லே'ன்னான்."

டெல்மர் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினான்.

"அந்த லெட்டரை அவன் அப்பவே பாத்திருக்கான். மாத்திரைக்கு விக்க ஏதாவது கிடைக்குமான்னு இழுப்பறையைக் குடைஞ்சப்ப. நீ வந்து கேப்பே, அறைவேன்னு காத்துக்கிட்டு இருந்தானாம். நீ கேக்கவே இல்லையாம். 'ஓஹையோவுல நான் குடுத்த பேருதான் அண்ணனை வழிமறிக்குது. அப்பா ஒரு வாரம் பேசாம இருந்தாரு, அண்ணன் இருபது வருஷம்'னான். அப்புறம், 'அண்ணன் வந்தா நான் அப்பா துப்பாக்கின்னுதான் சொல்லுவேன், நீங்க மூச்சு விடக் கூடாது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான்."

டெல்மர் சிறுபிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். ஒரு தடவை அறைந்திருக்கலாம். ஒரே ஒரு தடவை, ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கலாம்.

மத்தியானம் அடகுக்கடைக்குப் போய், ஓஹையோ கதை முழுவதையும் சொன்னான். ஷெல்பி துப்பாக்கியோடு ஒரு தாளையும் நீட்டினாள். "இதை நிரப்பி, கைரேகை வெச்சு அனுப்புங்க சார். அன்னைக்குப் பிடிபட்டது நீங்க இல்லைன்னு முடிஞ்சிடும். இனிமே ஒரு நாளும் நிறுத்த மாட்டாங்க."

டெல்மர் தாளைப் படித்துவிட்டு, மடிக்காமல் அவள் பக்கமே தள்ளினான்.

"வேண்டாம்மா. நிறுத்தட்டும். என் தம்பி என்னை வழிமறிக்கிறதுக்கு இனிமே இந்த இடம் ஒண்ணுதான் இருக்கு."

வெள்ளிக்கிழமை வெஸ்லியைப் பின்குன்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு டெல்மர் அப்பா துப்பாக்கியை எடுத்து ஒரு தடவை சுட்டான். கனத்த குரல், கடைசியில் அதே செருமல். கீழே சமையலறையில் வாண்டா அதைக் கேட்டாள். ரொட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.