வலி விலகியிருந்த மாதங்கள்

சபுரா பீவிக்குக் கல்யாணமான மறுவருஷமே கைவிரல்கள் வீங்க ஆரம்பித்தன. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் பனியன்களை விரித்துப் பார்த்து, தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுகிற வேலை. எண்பத்தொன்பதாம் வருஷம், ஏற்றுமதி ஆர்டர்கள் குவிந்துகொண்டிருந்த சமயம் அது. கை வலிக்காத பெண் அந்த ஹாலில் ஒருத்தியும் இல்லை. மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை படுத்து எழுந்தால் சரியாகிவிடும். இவளுக்கு முழங்காலும் சேர்ந்து வீங்கியது. காலையில் எழுந்தால் வெயில் ஏறும்வரை டம்ளரைப் பிடிக்க முடியாது.

அவள் கணவன் நூருல்லா அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார்கள். கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் குறைத்தது, வயிற்றை எரித்தது. சபுரா வேலையை விட்டு நின்றாள்.

அந்த நிலையில்தான் கர்ப்பமானாள். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இனி என்ன பாடு படப்போகிறோமோ என்று பயந்துகொண்டிருந்தாள். ஆனால் மாதங்கள் போகப் போக வீக்கம் வடிந்தது. ஒருநாள் ஊறவைத்த துணிகளை அவளே துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டாள். போட்ட பிறகுதான், யாரையும் கூப்பிடாமல் பிழிந்திருக்கிறோம் என்பது உறைத்தது. வயிறு பெரிதாகி, மூச்சு வாங்கி, கால் கனத்தாலும் அவள் சுகமாக இருந்தாள். வயிற்றிலிருக்கும் பிள்ளையின் பரக்கத்துதான் இது, அது கொண்டுவந்த அருள் என்று மாமியார் ஜெய்புன்னிசா தெருவெல்லாம் சொன்னார்.

பெண் குழந்தை பிறந்தது. அஜீஸுன்னிசா என்று பேர் வைத்தார்கள். பிரசவமாகி நாற்பது நாள் கழிந்து கொஞ்ச நாளில் வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. பால் கொடுக்கப் பிள்ளையை மடியில் யாராவது வைக்க வேண்டும். குடித்து முடித்ததும் யாராவது எடுக்க வேண்டும். பரக்கத்து என்று சொன்ன மாமியாரின் பேச்சு மெல்ல மாறியது. இந்தப் பிள்ளை பூமிக்கு வந்த நேரம் தாயை முடக்கிப் போட்டுவிட்டது என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்திருந்தது, அலுப்பில் வருகிற பேச்சு. ஆனாலும் அது சபுராவின் மனசில் ஒட்டிக்கொண்டது. பிள்ளை அழும்போது சில நேரம் அந்தப் பக்கம் திரும்பாமலே படுத்திருப்பாள்.

இரண்டாவதாக அய்யூப் வயிற்றில் இருந்தபோதும் அதேதான் நடந்தது. வலி போனது, அவன் பிறந்ததும் வந்தது. இந்த முறை விரல்கள் ஒரு பக்கமாகக் கோணத் தொடங்கின.

அவனுக்குப் பல் முளைத்த சமயத்தில், இன்னொரு பிள்ளை வேண்டும் என்று சபுரா கணவனிடம் கேட்டாள். ஷிப்மெண்ட் அவசரத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்த நூருல்லா, அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"இருக்கற ரெண்டையே தூக்க முடியாம அழுகறே. இன்னொண்ணு எதுக்கு சபுரா?"

"புள்ளைக்காக இல்லீங்க. வயித்துல இருக்கறப்பதான் நான் மனுசியா இருந்தேன்."

அடுத்த வாரம் அவன் லீவு போட்டு அவளை மறுபடியும் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான்.

இந்தத் தடவை பார்த்தது வயதில் சின்ன டாக்டரம்மா. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். இரண்டு பிரசவத்தின் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"கிருமி வந்தா எதிர்க்கறதுக்கு உடம்புக்குள்ளயே ஒரு காவல் இருக்கும்மா. உங்களுக்கு அது ஆள் தெரியாம உங்க மூட்டையே தாக்குது. வயித்துல வர்ற குழந்தை பாதி உங்க வீட்டுக்காரரோடது. அதை வேத்து ஆளுன்னு நினைச்சு உடம்பு தள்ளிடக் கூடாதில்ல? அதுக்காக அந்தக் காவல் தன் போக்கை மாத்திக்கும். தூங்கிடாது, போக்கை மாத்திக்கும். அந்த மாசங்கள்ல மூட்டையும் விட்டு வெச்சிருது. எல்லாருக்கும் இப்படி ஆகறதில்ல. உங்களுக்கு ஆயிருக்கு. பிரசவம் ஆனதும் பழையபடி திரும்பிருது."

சபுரா கேட்டாள்: "அப்ப எம் புள்ளை பொறந்த நேரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்களா?"

"எந்த நேரத்துல பொறந்திருந்தாலும் இப்படித்தாம்மா ஆயிருக்கும்."

சபுரா அழுதாள். அழுகை ஓயும்வரை டாக்டரம்மா காத்திருந்தார். பிறகு மருந்தைப் பற்றிச் சொன்னார். வாரத்துக்கு ஒருநாள் போடுகிற மாத்திரை. நோயை ஓரளவு பிடித்து நிறுத்தும். ஆனால் அதைப் போடும்போது கர்ப்பமாகவே கூடாது, குழந்தைக்கு ஆபத்து. அய்யூபுக்குப் பாலையும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் வலி திரும்பி வரும்போது மூட்டு தேய்ந்துகொண்டே போகும், இன்னும் ஒன்றை உடம்பு தாங்காது என்றும் சொன்னார்.

திரும்பும்போது பஸ் சோமனூர் வழியாக வந்தது. வழியெல்லாம் விசைத்தறிச் சத்தம். அந்தச் சுகமான மாதங்கள் இனி வராது என்பதை நினைக்க நினைக்க, யாரோ நெருங்கிய ஒருத்தி ஊரைவிட்டுப் போய்விட்டது போல இருந்தது. இறங்கும்போது, மாத்திரை வாங்கிவிடலாம் என்றாள். நூருல்லா சரி என்றான்.

மார்பில் வேப்பெண்ணெய் தடவி அய்யூபைப் பால் மறக்க வைத்தாள். அவன் அழுத அழுகையில் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திரை போட்ட அன்று குமட்டும், மறுநாள் எழுந்திருக்கவே பிடிக்காது. வேலை செய்யுமா என்று தெரியாமலே போட்டுக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் மதியம் சோறு வடித்துக்கொண்டிருந்த ஜெய்புன்னிசா பழையபடி பிள்ளை பிறந்த நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். சபுரா சுவரில் சாய்ந்தபடியே, "மாமி, அஜீஸு என்னை முடக்கலீங்க. அவ உள்ளே இருந்த வரைக்கும்தான் எனக்கு நோவு இல்லாம இருந்துச்சு. இனிமே அப்படிச் சொல்லாதீங்க," என்றாள். கிழவி வடிதட்டை எடுத்துவிட்டுச் சேலை முந்தானையில் கையைத் துடைத்தார். "சொல்லலே கண்ணு" என்றார். அதன் பிறகு சொல்லவும் இல்லை.

நாலைந்து மாதத்தில் வீக்கம் பாதி இறங்கியது. கோணிய விரல்கள் கோணியபடியே நின்றுவிட்டன. இனிக் கத்தரி பிடிக்க முடியாது. கம்பெனியில் சொல்லி, மடித்த பனியன்களுக்கு அட்டை வைக்கிற இடத்தில் நூருல்லா அவளைச் சேர்த்துவிட்டான். வேலை மெதுவாகத்தான் ஓடியது. சூப்பர்வைசர் முணுமுணுப்பார், அவள் கேட்காதது போல இருப்பாள். சாயங்காலம் திரும்பியதும் பாயில் படுத்துவிடுவாள். அஜீஸு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு அன்றைய பால்வாடிக் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பாள். சபுரா பாதியில் தூங்கிப்போவாள்.