பெட்டியில் ஒரு புளித்த வாடை

பெட்டியைத் திறந்ததுமே நெல்லேக்காவுக்குப் புளித்த வாடை அடித்தது. துலிப் வயல்காரர்கள் அந்த வாடையை இரண்டாம் முறை முகர்ந்து பார்ப்பதில்லை. ஜூன் கடைசியில் தோண்டி, மண் உதிர்த்து, தோல் உரித்துக் காயவைத்த பன்னிரண்டு கிழங்குகளில் ஒன்று அழுகியிருந்தது. அதன் ஆவி பட்டால் பக்கத்துக் கிழங்குகளுக்குள் உறங்கும் மொட்டும் கருகிவிடும். வெளியே பளபளப்புக் குறையாது. வசந்தத்தில் வெறும் இலைதான் வரும்.

கடையில் வாங்கிய ரகமென்றால் தூக்கி எறிந்திருப்பாள். இது அவளே இரண்டு பூக்களை இணைத்து, விதை எடுத்து வளர்த்தது. முதல் பூவுக்கு ஆறு வருடம் காத்திருந்தாள்; ஒரு கிழங்கு பன்னிரண்டாக இன்னும் ஐந்து வருடம். கருநாவல் நிறம், விளிம்பில் மட்டும் தேன் தொட்டதுபோல.

"உரிக்கும்போதே மெத்துன்னுதான் இருந்துச்சு," என்றான் கணவன் யோரிஸ். காது சிவந்திருந்தது.

"தெரிஞ்சுமா உள்ள வச்ச?"

"பன்னெண்டு, பன்னெண்டுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தே. பதினொண்ணுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

அவளுக்குக் கோபப்படவும் முடியவில்லை.

"மாடு மேய்க்கிறவன்கூட இப்படிச் செய்யமாட்டான்டா!" என்று மாமனார் ஹெர்பர்ட் கொட்டகையே அதிரச் சிரித்தார். பிறகு கத்தியை அவளிடம் நீட்டினார். "ஒண்ணை வெட்டிப் பாரும்மா. மொட்டு செத்திருந்தா, இதுக்குன்னு ஒதுக்கின மூலை நிலத்துல நான் டாஃபடில் பூ போட்டுக்கறேன்."

அழுகியதை ஒட்டிக் கிடந்த கிழங்கை அவள் நெடுக்காகப் பிளந்தாள். நடுவில் பச்சை தெரிய வேண்டிய இடத்தில் மிளகளவு கருப்பு.

"சரி, மாமா. இது போச்சு. அந்தக் கோடியில கிடந்ததுங்களுக்கு நல்ல காத்து பட்டிருக்கும். மிச்சம் பத்தையும் நடறேன்."

"பூக்கலைன்னா?"

"டாஃபடிலை நானே என் கையால நட்டுத் தர்றேன்."

அக்டோபர் மழைக்கிடையே பத்தையும் நட்டாள். உறைபனிக்கு வைக்கோல் போர்த்தினாள். குளிர்காலம் முழுக்க யோரிஸ் காலைக் காப்பியைக் கையில் ஏந்தியபடி வயலோரம் போய் அந்த வைக்கோலைப் பார்த்துவிட்டு வந்தான்.

மார்ச்சில் பத்தும் முளைத்தன. நான்கில் இலை மட்டும். ஐந்தாவதின் இலைகளை விலக்கிப் பார்த்தவள் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே பச்சையாய் ஒரு மொட்டு. ஏப்ரல் கடைசியில், கடற்காற்றில் ஆடியபடி ஆறு பூக்கள் நின்றன. அதே கருநாவல், அதே தேன் விளிம்பு.

"பேர் யோசிச்சியா?" என்று கேட்டார் ஹெர்பர்ட். மரியாதையாகக் கழற்றிய தொப்பி கையில் இருந்தது.

"இன்னும் இல்ல, மாமா. முதல்ல கிழங்கு பெருசாகட்டும்."

பூவை விட்டுவைத்தால் கிழங்கு இளைத்துவிடும். பதினோரு வருடத்துக்கு மேல் பாடுபட்டு வளர்த்த பூக்களை நெல்லேக்கா ஒவ்வொன்றாகத் தலை கிள்ளினாள், சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. யோரிஸ் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்கினான். அவன் கையிலிருந்து ஹெர்பர்ட் ஆறையும் பிடுங்கி, நூலில் கோத்துத் தன் பழைய சைக்கிளின் கைப்பிடியில் மாலையாகக் கட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கடைத்தெருவுக்கு."

"என்ன வாங்க?"

"ஒண்ணும் இல்ல!"

மஞ்சளும் சிவப்புமாய் நீண்ட வயல்களின் நடுவே, யாருமில்லாத சாலையில், அவர் விடாமல் மணியடித்துக்கொண்டே போனார்.