திருத்தம் இல்லாத தொழுகை

என் கணவர் ஷேக் முக்தாரின் குறட்டை கடலோர ஊரான மஹ்தியாவில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். கேட்டவர்கள் கொடுத்துவைத்த தூக்கம் என்பார்கள். எனக்கு பயம் குறட்டையில் இல்லை, அது நிற்பதில். மதியம் ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்திருக்கும்போது திடீரென்று அறுந்துபோகும். மார்பு ஏறித் தவிக்கும், மூச்சு வராது. எழுந்து உட்கார்ந்து அவர் வாயையே பார்ப்பேன். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவர்போல் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கண் திறக்காமலே மறுபடி தூங்கிவிடுவார்.

சிறுவயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். ரமலான் இரவுத் தொழுகையை எங்கள் பள்ளிவாசலில் அவர்தான் நடத்துகிறார். இந்த வருடம் வசனங்கள் நினைவிலிருந்து நழுவ ஆரம்பித்தன.

"என் பாவம்தான், மன்னூபியா. மனசுல அழுக்கு சேந்தா வேதம் தங்காது."

"எந்தப் பாவம்? சொல்லுங்க, நானும் கேக்கறேன்."

யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் பரிகாரமாகத் தூக்கத்தைக் குறைத்தார். விடியுமுன்னே எழுந்து ஓதிப் பார்த்தார். நழுவுவது கூடியதே தவிரக் குறையவில்லை.

மகள் ரஜா அவரை பக்கத்து நகரமான சூசாவில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

"ஹாஜி, தூக்கத்துல உங்க மூச்சு அடிக்கடி நின்னுபோகுது. மூளைக்குப் போற காத்து குறையுது. மறதிக்கு இதுவும் காரணமா இருக்கலாம். போனதெல்லாம் திரும்பும்னு நான் சொல்லமாட்டேன். இருக்கறதையாவது காப்பாத்தப் பாக்கலாம். இந்த மாஸ்க்கைப் போட்டுத் தூங்குங்க."

காற்று ஊதும் பெட்டியும் மாஸ்க்குமாக வந்தோம். இரண்டு நாள் போட்டார். பிறகு பெட்டி அலமாரிக்கு மேலே போய்விட்டது.

"இதைப் போட்டா பொணம் மாதிரி தூங்கிடறேன். எழுந்து ஓத முடியல."

"தூங்கத்தானே கொடுத்தாங்க, மனுஷா?"

"தூங்கறவனுக்கா வேதம் நிக்கும்?"

இந்தப் பிடிவாதத்தோடு மோதி எனக்கு அலுத்துவிட்டது. மசாலாக்கடை அம்மாரைத் தேடிப் போனேன். என் கணவரிடம் ஓதக் கற்றவன், என்னை மரியாதையாக லல்லா என்று கூப்பிடுபவன். தொழுகையில் அவருக்கு நேர் பின்னால் நிற்பவன். தவறினால் வசனத்தை எடுத்துக்கொடுப்பது அவன் வேலை. மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

"இன்னிக்கு ஒருநாள் நீ எதையும் எடுத்துக்கொடுக்காதே."

"லல்லா, அது என் கடமை. ஷேக் தவிச்சுப்போவார்."

"தவிக்கட்டும். ஊர் முன்னால ஒருதடவை தடுமாறி நின்னாத்தான் மாஸ்க்கைப் போடுவார். நீ தாங்கித் தாங்கியே அவரைக் குழியில தள்ளறே."

சீரகத்தை அளைந்துகொண்டே, சரி என்றான்.

அன்று பெண்கள் பகுதியில் நின்றேன். மூஸா நபியின் கதை குர்ஆனில் பல அத்தியாயங்களில் வரும், ஒன்றுபோல ஒலிக்கும் வசனங்களோடு. ஒன்றைத் தொடங்கியவர் பாதியில் இன்னொன்றுக்குள் போய்விட்டார். அங்கிருந்து கிளம்பிய இடத்துக்கே வந்தார். திரும்பவும் அதே வழி, அதே வளைவு. இப்போது நிற்பார், இப்போது திணறுவார் என்று காத்திருந்தேன். குரலில் சின்ன நடுக்கம்கூட இல்லை. இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு அழகாக ஓதி நான் கேட்டதில்லை. மூன்றாம் சுற்றில், எல்லாம் முடிந்துவிட்டதுபோல் அவராகவே குனிந்தார்.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"கவனிச்சியா? அம்மார் ஒரு வார்த்தை எடுத்துக்கொடுக்கல. ஒரு தப்பு இல்ல. மன்னிப்பு கிடைச்சிருச்சு, மன்னூபியா. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடச் சொல்லு ரஜாகிட்ட."

"ஒரே இடத்தை மூணு தடவை சுத்தினீங்க."

"நானா?" சிரித்தபடி, பின்னால் வந்த அம்மாரிடம் திரும்பினார். "அம்மார், நான் தப்பா ஓதினா நீ விட்டுடுவியா?"

அம்மார் அழுதுவிட்டான். "தப்பாத்தான் ஓதினீங்க, ஷேக். லல்லா சொல்லித்தான் நான் வாயைத் திறக்கல."

அவர் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த மாஸ்க்குக்காக இவ உன்னையும் பொய் சொல்ல வெச்சுட்டாளா?" என்று அவன் தோளைத் தட்டினார். "நாளையிலேர்ந்து நீ பின் வரிசைக்குப் போயிடு. எனக்குப் பின்னால இனிமே யாரும் வேணாம்."