முப்பது அடி தள்ளி

பீமாராவ் தன் வீட்டுக்குத் தானே குழி பறித்துக்கொண்டார். அதுவும் அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டி, ரசீது வாங்கி, அந்த ரசீதை லேமினேஷன் செய்து பீரோவில் வைத்து.

பக்கத்து வீட்டு பாலமுரளியின் ஜன்னல் சன்ஷேடு ஒன்பது அங்குலம் தன் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய நான்கு வருடக் குறை. மழை பெய்தால் அதன் தண்ணீர் தன் சுவரில் தெறிக்கிறது என்று மனைவி ஜெயக்கொடியிடம் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துவிட்டது. "போய் சர்வேயர இட்டாந்து அளந்துடுய்யா, என் உசுர வாங்காத" என்றாள். போனார், மனு கொடுத்தார். இருபத்திரண்டு வருடமாக பஸ் கண்டக்டராக இருப்பவருக்கு, டிக்கெட் இல்லாமல் யாராவது ஒரு அங்குலம் பயணம் செய்தாலும் பொறுக்காது.

மேல்மலையனூர் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் நான்கே வீடுகள். ரோட்டுப் பக்கத்திலிருந்து முதலாவது பாத்திரக்கடை கந்தசாமியின் மாடி வீடு, அடுத்தது மீனம்பாள் டீச்சர், அப்புறம் செல்போன் கடை பாலமுரளி, கடைசியில் பீமாராவ். அதற்கு அப்பால் முள்ளுக்காடு.

சர்வேயர் மகாலட்சுமி காலை பத்து மணிக்கு வந்தார். குச்சியின் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டது போன்ற ஒரு கருவியை அங்கங்கே நட்டார். ரோட்டுக்கும் கந்தசாமி வீட்டுக்கும் நடுவில் இருந்த குப்பை மேட்டில் ஏறி, சீமைக்கருவேலம் புதரை வெட்டச் சொல்லி, உள்ளே எட்டிப் பார்த்தார். டேப் பிடித்து நாலு வீட்டையும் அளந்தார். பிறகு பீமாராவ் வீட்டு வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

"இன்னா மேடம், ஒம்போது அங்குலம் இருக்குதா?" என்றார் பீமாராவ். பாலமுரளி காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

"ஒம்போது அங்குலம் இல்ல சார். முப்பது அடி."

"பாருங்க, நான் சொல்லல? முப்பது அடி!" என்று கையைத் தட்டியவர், தட்டிய கையோடு நின்றார். ஒவ்வொரு மனையின் அகலமும் முப்பது அடிதான்.

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் முதலில் வீடு கட்டியவர் கந்தசாமி. ரோட்டோரத்து முதல் எல்லைக்கல் புதருக்குள் மறைந்திருந்ததால், இரண்டாவது கல்லை முதல் கல் என்று எண்ணி, டீச்சருடைய இரண்டாம் மனையில் அஸ்திவாரம் போட்டுவிட்டார். அடுத்து கட்டியவர்கள் கல்லையா தேடினார்கள்? பாத்திரக்கடை முதலாளி தப்பாகவா அளந்திருப்பார் என்று அவர் சுவரிலிருந்து முப்பது அடி அளந்து கட்டினார்கள். டீச்சர் வீடு பாலமுரளியின் மனையில் நின்றது. பாலமுரளி வீடு பீமாராவின் மனையில் நின்றது. பீமாராவின் வீடோ, வரைபடத்தில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருந்த இடத்தில் நின்றது. முதல் மனை குப்பை மேடாகக் கிடந்தது.

மறு மாதமே பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பூங்கா இடத்தில் உள்ள கட்டடத்தை அகற்ற வேண்டும்.

பீமாராவ் அந்தக் காகிதத்தைப் பத்து முறை படித்தார். அவருடைய நைனாவும் நைனாவின் நைனாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அடுத்தவர் களத்தில் கடலை ஆய்ந்து போய்ச் சேர்ந்தவர்கள். அந்த வம்சத்தில் மண்ணுக்குச் சொந்தமென்று முதன்முதலாகப் பத்திரத்தில் எழுதப்பட்ட பெயர் பீமாராவ். அந்தப் பெயரும் பூங்காவுக்குள் குடியிருக்கிறது என்றால் வயிறு எரியாதா? எரிந்தது. எதிரே மலைமேல் தெரிந்த ராஜகிரிக் கோட்டையைப் பார்த்து இன்னும் எரிந்தது. அதைப் பிடித்த எந்த ராஜாவிடமும் எவனும் நில அளவை வரைபடம் கேட்டதில்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில், ஐம்பது சீட்டில் நூற்றுப்பத்து பேரை ஏற்றிக்கொண்டு, "தள்ளு தள்ளு, எல்லாரும் ஒரு சீட்டு உள்ள தள்ளு" என்று கத்திக்கொண்டிருந்தவர், மனதில் ஒன்று தட்ட, கத்தலைப் பாதியில் நிறுத்தினார். அந்த யோசனையில், அடுத்த ஸ்டாப்பில் ஏறியவர்களில் பாதி பேருக்கு டிக்கெட்டே கொடுக்கவில்லை.

மாலையில் மூன்று வீட்டாரையும் கூட்டிவைத்துச் சொன்னார். யாரும் வீட்டை நகர்த்த வேண்டாம், பத்திரத்தை நகர்த்தினால் போதும். கந்தசாமி முதல் மனையைக் கொடுத்துவிட்டு, தான் குடியிருக்கும் இரண்டாவதை எடுத்துக்கொள்வது. டீச்சர் மூன்றாவதை, பாலமுரளி நான்காவதை. குப்பை மேடு பீமாராவுக்கு. பரிவர்த்தனைப் பத்திரம் ஒன்று போட்டால் முடிந்தது. பீமாராவின் வீடு போகும், ஆனால் மண் மிஞ்சும்.

டீச்சர் யோசித்துத் தலையாட்டினார். பாலமுரளி, "அண்ணே, சன்ஷேடு?" என்று கேட்டு, பீமாராவ் கும்பிடு போட்டதும் சரி என்றான். கந்தசாமிதான் செருமினார்.

"அது ரோட்டு மேல இருக்கிற மனை. பத்திரம் நம்மகிட்ட இருக்குது. எதுக்கு குடுக்கணும்?"

"நீங்க உக்காந்திருக்கிறது டீச்சர் எடம், மொதலாளி."

"பன்னெண்டு வருஷமா அனுபவிக்கிறேன். அனுபவ பாத்தியம்னு ஒண்ணு இருக்குது, வக்கீலக் கேட்டுட்டேன். அதுவும் நம்முது, இதுவும் நம்முது."

இந்த ஆளை பீமாராவுக்குத் தெரியும். இந்த ஒரு ஆள் இல்லை, இந்த ரகம். ஒரு சீட்டில் தான் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு, "ஆளு வருது" என்று கடைசி ஸ்டாப் வரை சொல்லும் ரகம். அவர்களிடம் கெஞ்சக் கூடாது. எல்லாரையும் டிக்கெட்டில் உள்ளபடி உட்காரவைக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பீமாராவும் ஜெயக்கொடியும் கட்டில், கிரைண்டர், ஒரு மூட்டைத் துணியோடு பாலமுரளி வீட்டுக்குள் நுழைந்தார்கள். "பத்திரப்படி இது என் எடம்" என்றார் பீமாராவ். ஏற்கெனவே பேசிவைத்தபடி பாலமுரளி, "அப்டியா? அப்ப நான் என் எடத்துக்குப் போறேன்" என்று டிவியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனான். டீச்சர் குக்கரையும், திருத்த வேண்டிய ஒரு கட்டு விடைத்தாளையும், நாலு மனையின் பத்திர நகல்களும் வைத்திருந்த பையையும் எடுத்துக்கொண்டு கந்தசாமி வீட்டுக் கதவைத் தட்டினார். கூடத்து சோபாவில் அமர்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இன்னா டீச்சர் இது?" என்றார் கந்தசாமி.

"பத்திரப்படி உங்க எடம் வெளிய இருக்குது. போய் உக்காருங்க."

ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டாரெல்லாம் தெருவுக்குள் வந்து நின்று சிரித்தார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாய் கொப்பளிக்காமல் சிரித்தான். கந்தசாமி போலீசுக்கு போன் செய்யப் போனார். "யாரு வீட்ல யாரு பூந்தாங்கன்னு சொல்லுவீங்க, மொதலாளி?" என்று பீமாராவ் அவர் வீட்டு ஜன்னல் வழியாகக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். ஆனால் மசியவில்லை. பகல் பன்னிரண்டு ஆயிற்று. சிரித்தவர்கள் சாப்பிடப் போனார்கள். பீமாராவுக்குப் பயம் வந்தது. இந்தக் கூத்தும் பலிக்காவிட்டால், அடுத்த வாரம் ஜேசிபி வரும்போது போய் நிற்க ஒரு பிடி மண்ணும் இருக்காது.

அப்போது டீச்சர் விடைத்தாள்களை முடித்துவிட்டிருந்தார். திருத்த வேறொன்றும் இல்லாததால் பத்திர நகலை எடுத்து வரி வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் பேனா நின்றது.

"பீமாராவ், இங்க வாங்க. இத முழுசா படிச்சீங்களா?"

'மனை எண் ஒன்று. செஞ்சியில் வசிக்கும் கந்தசாமி மனைவி ஜெயம்.' பீமாராவ் அதைப் பலமுறை பார்த்திருந்தார். ஒவ்வொரு முறையும் கண் 'கந்தசாமி'யிலேயே இறங்கிவிட்டது. இத்தனை நாளும் அவர் கெஞ்சியது அந்த மனையில் ஒரு சாணுக்கும் பாத்தியமில்லாத ஆளிடம். வெட்கமாக இருந்தது.

"அதெல்லாம் சும்மா பேருக்கு வாங்கினது" என்றார் கந்தசாமி.

சமையலறையிலிருந்து ஜெயம் கையைத் துடைத்தபடி வந்தாள். அன்று காலையிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று மட்டுமா?

"அந்தக் குப்பை மேடு என்னுதா டீச்சர்?"

"ஆமாம்மா."

"பன்னெண்டு வருஷமா என் எடத்துலயா நானே குப்பை கொட்டிகினு இருக்கேன்?"

அவள் வாசலுக்குப் போய், இடுப்பில் கை வைத்து அந்த மேட்டை வெகுநேரம் பார்த்தாள். பார்த்த பார்வையில் ஆசை இருந்தது. தன் பெயரில் மண் இருக்கிறது என்று முதல் முறை தெரியும்போது எப்படி இருக்கும் என்பது அந்தத் தெருவில் பீமாராவுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை எப்படி வாயைத் திறந்து கேட்பது?

"அக்கா, உங்களுக்கு மனசு இல்லன்னா வேணாம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பின்னாலேயே வந்திருந்த ஜெயக்கொடி அவரை முறைத்தாள்.

ஜெயம் திரும்பினாள். "மாத்திக்கினா, இந்த வீட்டு மண்ணு யாரு பேர்ல வரும்?"

"உங்க பேர்லதான்" என்றார் டீச்சர். "வீடு அவரு கட்டினது. மண்ணு உங்குளுது."

ஜெயம் கணவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருந்த கிரானைட் தரையையும் பார்த்தாள்.

"எங்க கையெழுத்து போடணும்?"

பத்திரம் பதிவானது. பீமாராவ் கதவு, ஜன்னல், நிலைகளைத் தன் கையாலேயே கழற்றி எடுத்தார். ஜேசிபி முதல் சுவரைத் தள்ளியபோது, யார் பார்த்தால் என்ன என்று தெருவில் நின்று அழுதார். ஜெயக்கொடி அழவில்லை. உடையாத செங்கலைப் பொறுக்கிக் குப்பை மேட்டோரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

புது வீடு எழும்பும்வரை எங்கேயாவது இருக்க வேண்டுமே. பாலமுரளி தன் வீட்டில் பின்பக்க அறையை வாடகைக்குக் கொடுத்தான். சர்வேயர் மகாலட்சுமியின் கணக்குப்படி அது நான்காம் மனை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் பீமாராவ் தன் பெயரில் வாங்கிய அதே மண். அதில் அவர் முதன்முதலாகக் குடிபுகுந்தார், அட்வான்ஸ் கொடுத்து.

சாமான்களை இறக்கியதும், சுவர்க் கடிகாரத்தை மாட்ட ஆணியையும் சுத்தியலையும் எடுத்தார். பாலமுரளி வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. செவுத்துல ஆணி மட்டும் அடிக்க வேணாம்."

பீமாராவ் அவனைப் பார்த்தார். காலடியில் இருந்த தரையைப் பார்த்தார். "சரிங்க ஓனரே" என்றார். கடிகாரத்தைக் கட்டில்மேல் மல்லாக்க வைத்தார்.