இறுக்குகிற பட்டியும் இறுக்காத பட்டியும்

தலவாக்கலை பஸாரில் புடவைக் கடை வைத்திருக்கும் சிதம்பரநாதனுக்கு, தனக்கு மாரடைப்பு வந்ததில்கூட அவ்வளவு வருத்தமில்லை. அதே மாதத்தில் எதிர்க்கடை சிவசாமிக்கும் வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

"இதுலயும் போட்டிக்கு வந்துட்டானே!" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி மனைவி பூரணியிடம் பொருமினார்.

"நேரத்தோட ஊசியைப் போட்டு அடைப்பைக் கரைச்சதாலதான் இந்த வாய் இன்னும் பேசுது. சும்மா படுங்க" என்றாள் பூரணி.

வீடு திரும்பும் முன் டொக்டர் ஹம்சினி வந்தார். மாரடைப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற இளம் டொக்டர். அடைத்த குழாய் திறந்து ரத்தம் மறுபடி பாய்ந்தால்தான் உயிர் தப்பும். ஆனால் பட்டினி கிடந்த இதயத் தசைக்கு அந்தத் திடீர்ப் பாய்ச்சலே கொஞ்சம் சேதமும் செய்துவிடுகிறதாம். காயப்பட்ட அந்தத் தசையைத் தேற்ற ஒரு வழி பார்க்கிறார்கள். மேல்கையில் பட்டியைச் சுற்றி பட்டனை அழுத்தினால், மெஷின் கையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும், சற்றுப் பொறுத்து விடும், மறுபடி இறுக்கும். தினமும் இப்படிச் செய்தால் உடம்பு இதயத்தைக் காக்கப் பழகுமா என்பதுதான் கேள்வி.

"நோவு நெஞ்சுல, கட்டு கையிலயா?" என்றார் சிதம்பரநாதன்.

"அது சரிவருமான்னுதான் பாக்குறோம் ஐயா. பாதிப் பேருக்கு நல்லா இறுக்குற மெஷின். மத்தவங்களுக்குப் பேருக்கு இறுக்குற மெஷின். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். எனக்கும் தெரியாது. தெரிஞ்சா, இவருக்குக் குணமாகியிருக்கும்னு என் கண்ணே எனக்குப் பொய் சொல்லும்."

சிதம்பரநாதன் சம்மதித்தார். பக்கத்து வார்டில் சிவசாமியும் சம்மதித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் இன்னும் வேகமாகச் சம்மதித்தார்.

வீட்டில் முதல் நாள் மெஷின் உர்ரென்று உறுமி, அவர் கையை மெல்லப் பிடித்து, விட்டுவிட்டது. பிரஷர் பார்க்கும்போது இருக்கிற இறுக்கத்தில் பாதிகூட இல்லை. துணியை விரலால் தடவியே தரம் சொல்கிற மனிதருக்கா தெரியாது? "ரெண்டாந்தரச் சரக்கை நம்ம தலையில கட்டிட்டாங்க" என்றார்.

போதாக்குறைக்குக் கோயிலில் சிவசாமியின் மனைவி நாகலெட்சுமியைப் பார்த்துவிட்டு வந்த பூரணி, "அவருக்குக் கை நீலமாப் போயிருதாம். முருகா முருகான்னு கத்துறாராம்" என்றாள். அன்றைக்கு சிதம்பரநாதனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவர் தெருவைக் கடந்தார். தீபாவளித் தள்ளுபடி போர்டுச் சண்டைக்குப் பிறகு அந்தக் கடை வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. சிவசாமி கையை நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மொதலாளி. கடை விலைக்கு வருதான்னு பாக்க வந்தீங்களா?"

"மெஷினைப் பாக்க வந்தேன்."

"ஐயோ, இந்தப் பழுதான மெஷினையா? கையே கழண்டு போயிரும் போலிருக்கு!"

"பழுது என்னோடதுதான்யா. பிடிக்கவே மாட்டேங்குது."

வியாபாரிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேத்தண்ணி வந்தது. அது ஆறுவதற்குள் மெஷின்கள் கைமாறிவிட்டன.

அன்று மாலை சிதம்பரநாதன் போட்ட கூச்சலில் பூரணி கரண்டியோடு ஓடி வந்தாள். அவர் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. "நல்ல சரக்கு பூரணி! முதல் தரம்!" என்றார்.

அடுத்த கிளினிக்குக்கு மெஷின்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மெஷினுக்கு அடியில் நம்பர் ஒட்டியிருக்கும் என்பது இருவருக்கும் தோன்றவேயில்லை. சிதம்பரநாதன் கொண்டுவந்த மெஷினின் நம்பரைப் பார்த்த ஹம்சினியின் முகம் மாறியது. "இது சிவசாமி ஐயாவோடதுல்ல?"

ஒளிப்பதில் பிரயோசனமில்லை. "உண்மையைச் சொல்லிடுறேன் டொக்டர்" என்று சிதம்பரநாதன் எழுந்து நின்றார். "எனக்கு வந்தது சும்மா லேசா..."

ஹம்சினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்க ஐயா! நான் கேக்கக் கூடாது!"

காதைப் பொத்தியதால் கேட்கவில்லை போலும் என்று அவர் குரலை உயர்த்தினார். "லேசாத்தான் டொக்டர், பிடிச்சுது!"

ஹம்சினி பக்கத்து அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாத்தினதையும், என் காதுல விழுந்ததையும் நான் மேலிடத்துக்குச் சொல்லித்தான் ஆகணும். இனி உங்க ரெண்டு பேரையும் வேற டொக்டர்தான் பாப்பாரு. ஆனா கணக்குல, முதல்ல குலுக்கல்ல விழுந்த பக்கத்துலயேதான் நீங்க இருப்பீங்க."

சிதம்பரநாதன் யோசித்தார். "அப்போ சாமான் அவரு வீட்டுல, பில்லு என் பேருலயா?"

"அதேதான் ஐயா."

அது அவருக்கு நன்றாகப் புரிந்தது. ஆராய்ச்சிக்குக் கட்டில் கட்டிலாக நின்று ஆள் சேர்த்த அந்த டொக்டர் பிள்ளையின் வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று மனசு சுட்டது. கதவருகே போய், "மன்னிச்சிருங்க டொக்டர். இனி வாயே திறக்க மாட்டேன்" என்றார். உள்ளே சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

புதிதாக வந்த டொக்டர் ஸ்கேன் பார்த்தார். இருவருடைய இதயமும் முன்னைவிட நன்றாகவே அடிக்கிறது என்றார். பட்டியாலா, மாத்திரையாலா, பூரணி உப்பைக் குறைத்ததாலா என்று கேட்டதற்கு, ஆராய்ச்சி முடிந்தால்தான் தெரியும் என்று கைவிரித்தார்.

அவரவர் மெஷினை அவரவர் மடியில் வைத்துக்கொண்டு தலவாக்கலை பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்தார்கள். நானுஓயா தாண்டியதும் சிவசாமி பெருமூச்சு விட்டார்.

"இன்னைக்கு சாயந்தரத்துலேருந்து மறுபடி எனக்குத்தானா அந்தக் கொடுமை?"

"உஷ்!" சிதம்பரநாதன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "மெல்லப் பேசுங்க மொதலாளி. புது டொக்டருக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கப்போறாங்க."